கீழ்ப் பட்டை இல்லாத டெஸ்க்டாப்: க்னோமுக்கு நான் பழகுவதா, க்னோமை எனக்குத் தகுந்தபடி மாற்றுவதா?

செம்மைப்படி

வணக்கம். பல வருடங்களாக லினக்ஸில் மேட்டே டெஸ்க்டாப்பில்தான் வேலை பார்த்தேன். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் கீழே வரிசையாக. இப்போது புது மடிக்கணினி. அதில் ஃபெடோரா லினக்ஸ் போட்டிருக்கிறேன், டெஸ்க்டாப் க்னோம் 48. வெளித்திரையும் மடிக்கணினித் திரையும் வேறு வேறு அளவு என்பதால் திரைக்குத் திரை எழுத்தின் அளவை மாற்ற வேண்டும். அது இதில் சிக்கலே இல்லாமல் நடக்கிறது. அதனால் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

ஆனால் வேலை ஓட மாட்டேன் என்கிறது. நான் மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்பு பார்க்கிறவள். மூலம் ஒரு லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் கோப்பு, தமிழாக்கம் இன்னொரு ரைட்டர் கோப்பு, பின்னால் உலாவியில் அகராதி, எங்கோ ஒரு ஓரத்தில் மின்னஞ்சல். ஆல்ட் டேப் அழுத்தினால் இரண்டு ரைட்டர் கோப்புக்கும் சேர்த்து ஒரே ஐகான் வருகிறது. உலாவிக்குப் போகிறது, திரும்ப ரைட்டருக்கு வருகிறது, நான் தேடும் கோப்பு மட்டும் வருவதில்லை. ஜன்னலைக் கீழே இறக்கும் பொத்தான் இல்லை. என்னென்ன திறந்திருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் முழுத்திரைக் காட்சிக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. அரட்டைச் செயலியின் ஐகான் பட்டையில் தெரிவதே இல்லை, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே புரியவில்லை.

இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை. தமிழ்99 விசைப்பலகை செயலில் இருக்கும்போது சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் போட்ட விசை) தட்டி ஒரு செயலியின் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கப் போனால் தேடல் பெட்டியில் தமிழ் எழுத்து விழுகிறது. ஒன்றுமே கிடைக்காது.

எதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம், எதை அப்படியே விட்டுப் பழகுவது நல்லது? இதிலேயே வேலை பார்க்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டை_விரும்பி

டேஷ் டு பேனல் எக்ஸ்டென்ஷனை, அதாவது க்னோமோடு சேர்க்கும் துணைநிரலை, நிறுவுங்கள். மேல் பட்டையையும் செயலி வரிசையையும் ஒன்றாக்கி, கீழே ஒரே பட்டையாகத் தந்துவிடும். க்னோம் ட்வீக்ஸ் நிறுவி, அதில் தலைப்புப் பட்டைப் பொத்தான்கள் என்ற இடத்தில் மினிமைஸ், மாக்ஸிமைஸ் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அரட்டை ஐகானுக்கு ஆப்இண்டிகேட்டர் எக்ஸ்டென்ஷன். பழைய மாதிரி மெனுவும் வேண்டுமென்றால் ஆர்க்மெனு. அரை மணி நேரத்தில் உங்கள் பழைய மேசை திரும்பிவிடும், வேலையைப் பார்க்கப் போகலாம்.

குறுக்குவிசை

கொஞ்சம் பொறுங்கள். நிறுவுவதற்கு முன்னால் கைவசம் இருப்பதைப் பார்த்துவிடுவோம்.

இரண்டு ரைட்டர் கோப்புக்கு இடையில் மாற, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப் விசைக்கு நேர் மேலே இருக்கும் விசையை அழுத்துங்கள். ஒரே செயலியின் ஜன்னல்களுக்குள் மாறுவதற்கென்றே உள்ளது அது. அது கைக்கு வரவில்லை என்றால், அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்க் குறுக்குவிசைகள், அதற்குள் வழிநடத்தல். அங்கே செயலிகளை மாற்று என்று ஒன்று, ஜன்னல்களை மாற்று என்று ஒன்று, தனித்தனியாக இருக்கும். ஆல்ட் டேப்பை இரண்டாவதற்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகத் தெரியும், பழைய டெஸ்க்டாப்பில் இருந்தது போலவே. சூப்பர் டேப் செயலிகளுக்கென்று இருந்துவிட்டுப் போகட்டும். இதற்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் தேவையில்லை.

மூலம் இடப்பக்கம், தமிழாக்கம் வலப்பக்கம் வைக்கச் சூப்பரோடு இடது அம்பு, சூப்பரோடு வலது அம்பு. ஜன்னலை மறைக்கச் சூப்பரோடு ஹெச். பொத்தான் கண்ணில் படாவிட்டாலும் மினிமைஸ் என்ற வேலையை அவர்கள் எடுக்கவில்லை.

வேர்முனை

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது இதே கேள்விதான் எங்கும் இருந்தது. இரண்டு பட்டை, மெனு, ஜன்னல் வரிசை என்று எல்லாரும் பழகியிருந்த க்னோம் 2 ஒரே வெளியீட்டில் போய்விட்டது. அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் இரண்டு திட்டங்கள். பழைய க்னோம் 2-இன் நிரலை அப்படியே எடுத்துத் தொடர்ந்தது மேட்டே. புது க்னோமின் திரை இடைமுகமான க்னோம் ஷெல்லைக் கிளைபிரித்து, பழைய அமைப்பை அதன் மேல் கட்டியது லினக்ஸ் மின்ட்டின் சின்னமன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த வருடம் வெளிப்படையாகக் கண்டித்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் பக்கம் போனார், பிறகு எக்ஸ்டென்ஷன்களைப் போட்டுக்கொண்டு க்னோமுக்கே திரும்பினார். உபுண்டு அதே 2011-இல் யூனிட்டி என்று தனி வழியில் போய், 2017 அக்டோபரில் 17.10 பதிப்பில் க்னோமுக்கு வந்தது. வந்தபோதும் வெறும் க்னோமாக வரவில்லை. பக்கவாட்டில் தன் டாக் என்ற செயலி வரிசையையும் மினிமைஸ் பொத்தானையும் சேர்த்துத்தான் கொடுத்தது. ஃபெடோரா அப்படி எதுவும் சேர்ப்பதில்லை, க்னோம் குழு எப்படிக் கொடுக்கிறதோ அப்படியே தருகிறது. உங்களுக்கு இவ்வளவு வெறுமையாகத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செம்மைப்படி, உங்கள் பட்டியலில் இருக்கும் குறைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. ஆல்ட் டேப்பில் கோப்பு வராதது வேலையைத் தடுக்கிறது. அரட்டை ஓடுகிறதா என்று தெரியாததும் அப்படியே. ஆனால் மினிமைஸ் பொத்தான் இல்லாதது கையின் பழக்கம். மேட்டேயில் ஜன்னலைக் கீழே இறக்கியது எதற்காக? திரையில் இடம் போதாததால். இங்கே அதற்குப் பதில் பணியிடங்கள், அதாவது மாற்றி மாற்றிப் பார்க்கும் தனித்தனி மேசைகள், இருக்கின்றன. மெய்ப்பு வேலை ஒரு பணியிடத்தில், அகராதி இன்னொன்றில், மின்னஞ்சல் மூன்றாவதில். எப்போதும் கடைசியில் ஒரு காலிப் பணியிடம் தானாகவே தயாராக இருக்கும், நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை. சூப்பரோடு பேஜ் அப், பேஜ் டவுன் அழுத்தினால் மாறலாம். கூடவே ஷிஃப்டையும் பிடித்தால் ஜன்னலும் உடன் வரும். தொடுபலகையில் மூன்று விரலைப் பக்கவாட்டில் தள்ளினாலே போதும்.

வேலையைத் தடுப்பதை இன்றே மாற்றுங்கள். கை தேடுவதைக் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். என் ஆலோசனை அவ்வளவுதான்.

பட்டை_விரும்பி

வேர்முனை அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். கையின் பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கீழே இருக்கும் ஜன்னல் வரிசை வெறும் மாற்றும் கருவி இல்லை. அது ஞாபகம். நான் கணக்கு வேலை பார்க்கிறேன். விரிதாள் நான்கைந்து, இரண்டு உலாவி, ஒரு பிடிஎஃப் என்று ஒரே நேரத்தில் திறந்திருக்கும். நடுவில் தொலைபேசி வரும். பேசிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டேன் என்பதைக் கீழ் வரிசை சொல்லிவிடும். எதையும் அழுத்த வேண்டாம், கண் கீழே போனால் போதும். க்னோமில் அதே தகவல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சூப்பரை அழுத்தினால்தான் தெரியும். சுவரில் மாட்டிய கடிகாரத்துக்கும் சட்டைப்பையில் இருக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

பணியிடங்களையும் முயன்று பார்த்தேன். வேலைகளைப் பிரித்து வைக்க நல்ல வசதிதான். ஆனால் பிரித்து வைத்ததை மறந்துபோகும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. மூன்றாவது பணியிடத்தில் பாதி எழுதி நிறுத்திய மின்னஞ்சல் அங்கேயே கிடக்கும், கண்ணில் படாது. நாளெல்லாம் எத்தனையோ முறை குறுக்கீடு வரும் வேலைக்கு எல்லாம் கண்முன் இருப்பதுதான் சரி. இரண்டு மணி நேரம் ஒரே கோப்பில் உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்கு வெற்றுத்திரை நல்லது. ஆளுக்கு ஆள் வேலை வேறு. அப்படியிருக்க, பழகிக்கொள் என்று பொதுவாகச் சொல்லக் கூடாது.

வேர்முனை

நீங்கள் சொல்வது நியாயம். குறுக்கீடு அதிகமுள்ள வேலைக்கு வரிசை கண்ணில் படுவது அவசியம், அதைப் பழக்கம் என்ற பெட்டிக்குள் நான் போடவில்லை. செம்மைப்படியின் வேலை அப்படிப்பட்டதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நிலையன்

நான் பேச வந்தது வேறு கோணம். பலர் பயன்படுத்தும் கணினிகளைப் பராமரிப்பவன் நான். எக்ஸ்டென்ஷன் போடுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்து போட வேண்டும்.

க்னோம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதுப் பதிப்பு விடுகிறது. எக்ஸ்டென்ஷன்கள் ஷெல்லின் உள்ளே நேராகக் கைவைத்து வேலை செய்பவை. அவற்றுக்கென்று மாறாத ஓர் இடைமுகம் கிடையாது. உள்ளே எதையாவது நகர்த்தினால் எக்ஸ்டென்ஷன் நின்றுவிடும். 2021 மார்ச்சில் வந்த 40-ஆம் பதிப்பு, மேலிருந்து கீழாக அடுக்கியிருந்த பணியிடங்களைப் பக்கவாட்டுக்கு மாற்றி, செயலி வரிசையை இடப்பக்கத்திலிருந்து அடியில் கொண்டுபோய் வைத்தது. அந்த இடங்களைத் தொட்ட எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் 45 வந்தபோது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஏற்றும் முறையையே மாற்றினார்கள். பழைய எக்ஸ்டென்ஷன் எதுவும் திருத்தாமல் ஓடவில்லை, அத்தனையையும் எழுதியவர்கள் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. டேஷ் டு பேனல், டேஷ் டு டாக் போன்றவை பெரியவை, பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், சீக்கிரம் வந்துவிடும். ஒரே ஆள் தன் ஓய்வு நேரத்தில் எழுதிய சின்ன எக்ஸ்டென்ஷன் வராமலே போகலாம். அப்போது உங்கள் மேசையில் ஒரு துண்டு காணாமல் போகும், அதுவும் வேலை நெருக்கும் நாளில்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. க்னோம் குழுவே சில எக்ஸ்டென்ஷன்களைப் பராமரிக்கிறது. விண்டோ லிஸ்ட், அப்ளிகேஷன்ஸ் மெனு, பிளேசஸ், ஆட்டோ மூவ் விண்டோஸ், ஒர்க்ஸ்பேஸ் இண்டிகேட்டர் எல்லாம் அதில் அடக்கம். க்னோம் வெளியாகும் போதே அவையும் அதே பதிப்புக்கு வெளியாகும், காத்திருக்க வேண்டியதில்லை. க்னோம் கிளாசிக் என்று ஓர் அமர்வு இருக்கிறதே, இவற்றில் சிலவற்றைச் சேர்த்துச் செய்ததுதான் அதுவும். ஃபெடோராவில் தனிப் பொதியாக நிறுவிவிட்டால், உள்நுழையும் திரையில் உங்கள் பெயரைத் தொட்டதும் வலது கீழ் மூலையில் வரும் பற்சக்கரத்தில் தேர்ந்தெடுக்கலாம்.

கண்ணுக்கு எதிரே ஜன்னல் வரிசை வேண்டும் என்று பட்டை_விரும்பி சொன்னதற்கு விண்டோ லிஸ்ட் போதும். பார்க்க எளிமையாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த பதிப்பிலும் இருக்கும்.

இளந்தளிர்

லினக்ஸ் தெரியாது, ஆனாலும் படிக்கப் படிக்க என் கதை மாதிரியே இருக்கிறது. விண்டோஸ் 10-இல் பட்டையை இடப்பக்கம் நிறுத்தி வைத்திருந்தேன். 11-க்கு வந்ததும் அது அடியில் உட்கார்ந்துகொண்டது, நகர்த்த அமைப்புகளில் இடமே தேடிக் கிடைக்கவில்லை. நடுவில் இருந்த ஐகான்களை மட்டும் இடப்பக்கம் தள்ள முடிந்தது. வலது சொடுக்கு மெனுவும் சுருங்கிவிட்டது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலது சொடுக்கினால் பழைய முழு மெனு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி. உங்களுக்காவது இத்தனை வழி இருக்கிறதே என்று தோன்றுகிறது.

நிலையன்

தம்பி, விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்திருந்தார்கள். 2012 அக்டோபரில் எடுத்தது, அடுத்த அக்டோபரில் 8.1-இல் திரும்பி வந்தது. பயன்படுத்துபவர்கள் சத்தம் போட்டால் கேட்கிறார்கள். உங்கள் குறையை அவர்களுடைய கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், வீணாகாது.

செம்மைப்படி

எல்லாருக்கும் நன்றி. ஆல்ட் டேப்பை ஜன்னல்களுக்கு மாற்றியதுமே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மூலத்தில் ஒரு வாக்கியம், ஆல்ட் டேப், தமிழாக்கத்தில் அதே வாக்கியம், ஆல்ட் டேப் என்று பழைய வேகம் வந்துவிட்டது.

வேர்முனை ஐயா கேட்டதற்குப் பதில்: என் வேலையில் குறுக்கீடு குறைவு. ஒரு அத்தியாயம் எடுத்தால் முடியும்வரை அதே இரண்டு கோப்புதான். அதனால் மினிமைஸ் பொத்தானை இன்னும் போடவில்லை. சூப்பர் ஹெச்சும் தேவைப்படவில்லை, மின்னஞ்சலை அடுத்த பணியிடத்துக்குத் தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். வெளித்திரையில் அகராதியை நிரந்தரமாக வைக்கப் பார்க்கிறேன். பணியிடம் மாறினால் மடிக்கணினித் திரை மட்டும் மாறுகிறது, வெளித்திரை அப்படியே நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் முதன்மைத் திரை எதுவோ அது தலைகீழாக இருக்க வேண்டும். மெய்ப்பு பெரிய திரையில், அகராதி சின்னத் திரையில்.

அப்புறம் தமிழ்த் தேடல் விஷயத்துக்கு யாரும் வழி சொல்லவில்லையே?

குறுக்குவிசை

திரைக்கு: அமைப்புகளில் திரைகள் பகுதியில் முதன்மைத் திரையாக வெளித்திரையைத் தேர்ந்தெடுங்கள். பணியிடங்கள் முதன்மைத் திரையில் மட்டும் என்பதுதான் இயல்பான அமைப்பு. இனி பெரிய திரை மாறும், மடிக்கணினியில் அகராதி அசையாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டுமென்றால் பல்பணி என்ற பகுதியில் எல்லாத் திரைகளிலும் என்று மாற்றலாம், உங்களுக்கு அது வேண்டாம். அதே பகுதியில் இன்னொன்றையும் பாருங்கள். செயலி மாற்றத்தில் இந்தப் பணியிடத்தில் உள்ளவை மட்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிட்டால், சூப்பர் டேப்பில் அடுத்த பணியிடத்தின் மின்னஞ்சல் வந்து குறுக்கே நிற்காது.

தமிழ்த் தேடலுக்கு நான் செய்வது இது. தினமும் திறக்கும் செயலிகளைத் தேடுவதையே விட்டுவிட்டேன். சூப்பரை அழுத்தினால் அடியில் வரும் வரிசையில் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். முதலில் ரைட்டர், இரண்டாவது உலாவி, மூன்றாவது மின்னஞ்சல். சூப்பரோடு 1, 2, 3. எண்களுக்குத் தமிழ் ஆங்கிலம் என்ற பேதம் இல்லை, எந்த விசைப்பலகை செயலில் இருந்தாலும் திறக்கும். எப்போதாவது திறக்கும் செயலிக்கு மட்டும் சூப்பரோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுத் தேடுவேன். அல்லது சூப்பரோடு ஏ அழுத்தினால் எல்லாச் செயலிகளும் வரும், கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் நிறையப் பேர் க்னோமை வெறுப்பதற்கு இந்தத் தேடல் பெட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். எதைத் திறக்கவும் தட்டச்சு செய் என்று சொல்லும் ஒரு டெஸ்க்டாப், இரண்டு எழுத்துமுறையில் மாறி மாறி எழுதுபவரை மனதில் வைத்திருக்க வேண்டும்.

வேர்முனை

அரட்டை ஐகானைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டையில் ஐகான் வைக்கும் பழைய ஏற்பாட்டை க்னோம் 2017-இல் 3.26 பதிப்பில் எடுத்துவிட்டது. 44-ஆம் பதிப்பிலிருந்து வலது மூலையில் விரியும் விரைவு அமைப்புகளில் பின்னணிச் செயலிகள் என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் நிறுவியவை ஜன்னல் இல்லாமல் ஓடினால் அங்கே தெரியும், அங்கிருந்தே நிறுத்தவும் செய்யலாம். உங்கள் அரட்டைச் செயலி ஃபிளாட்பேக்காக இருந்தால் ஓடுகிறதா என்பதை அங்கே பார்க்கலாம். ஆனால் புதுச் செய்தி எத்தனை என்று ஐகான் மேல் எண் தெரிவது போலத் தெரியாது. அது வேண்டுமென்றால் ஆப்இண்டிகேட்டர்தான் வழி, அதில் பட்டை_விரும்பி சொன்னது சரி.

பட்டை_விரும்பி

நிலையன் சொன்ன விண்டோ லிஸ்ட்டைப் போட்டுப் பார்த்தேன். அழகில் டேஷ் டு பேனலுக்குப் பக்கத்தில்கூட வராது, ஜன்னல் முன்னோட்டம் போன்ற வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டிய ஞாபக வேலையைச் செய்கிறது. எல்லா வசதியையும் ஒரே பட்டையில் அடைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு டேஷ் டு பேனலையே சொல்வேன். பதிப்பு மாறும்போது கொஞ்ச நாள் பொறுத்துப் புதுப்பித்தால் போயிற்று.

நிறம், தீம் என்று கேட்டு யாராவது வருவார்கள், அவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். 42-ஆம் பதிப்பிலிருந்து லிப்அட்வைட்டா என்ற க்னோம் நிரல் நூலகத்தில் எழுதிய செயலிகள் வெளித் தீம்களை ஏற்பதில்லை. பாதி ஜன்னல் ஒரு நிறம், பாதி வேறு நிறம் என்று ஆகிவிடும். 47-இல் அழுத்த நிறங்கள் (பொத்தான், தேர்வு போன்றவற்றை எடுத்துக்காட்டும் நிறம்) வந்துவிட்டன, அமைப்புகளில் தோற்றம் பகுதியில் ஒன்பது நிறம் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வது கண்ணுக்கு நல்லது.

செம்மைப்படி

இப்போது என் மேசை இப்படி இருக்கிறது. பெரிய திரையில் முதல் பணியிடம் மெய்ப்புக்கு, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழாக்கம். இரண்டாவதில் மின்னஞ்சலும் அரட்டையும். ஆட்டோ மூவ் விண்டோஸ் போட்டதால் திறந்ததும் அவை தாமாகவே அங்கே போய்விடுகின்றன. சின்னத் திரையில் அகராதி. ஆல்ட் டேப் மாற்றியாயிற்று, சூப்பரோடு எண்கள் கைக்கு வந்துவிட்டன. உள்நுழைந்ததும் முழுத்திரைக் காட்சி வருவது மட்டும் பிடிக்காததால் ஜஸ்ட் பெர்ஃபெக்‌ஷன் எக்ஸ்டென்ஷனில் நேராக மேசைக்கு வரும்படி செய்தேன். ஆப்இண்டிகேட்டரும் இருக்கிறது. கீழ்ப் பட்டை போடவில்லை, தேவைப்படவில்லை.

வெளி எக்ஸ்டென்ஷன் என்று பார்த்தால் இரண்டுதான். ஃபெடோரா அடுத்த பதிப்புக்கு மாறச் சொல்லி அறிவிப்பு வரும்போது இந்த இரண்டும் ஓடுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? கையில் வேலை இருக்கும்போது மாற்றிவிட்டு முழிக்க விருப்பமில்லை.

நிலையன்

உண்டு. ஃபிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் மேனேஜர் என்ற செயலியை நிறுவுங்கள். அதன் மெனுவில் அப்கிரேட் அசிஸ்டென்ட் என்று இருக்கும். எந்த க்னோம் பதிப்புக்கு மாறப் போகிறீர்கள் என்று தேர்ந்தெடுத்தால், நீங்கள் நிறுவியிருப்பவற்றில் எவை அந்தப் பதிப்புக்குத் தயார், எவை இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டும். உங்கள் இரண்டும் தயார் என்று வந்த பிறகு மாறுங்கள்.

அவசரப்பட வேண்டியதில்லை. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய பதின்மூன்று மாதம் புதுப்பிப்பு வரும், அதனால் ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குக்கூட நேராகப் போகலாம். கையிலிருக்கும் புத்தகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு மாறுங்கள். மாறிய பிறகு ஏதாவது கோளாறாகத் தெரிந்தால், எக்ஸ்டென்ஷன் மேனேஜரில் மேலே இருக்கும் ஒற்றைப் பொத்தானால் எல்லா எக்ஸ்டென்ஷனையும் நிறுத்திப் பாருங்கள். அப்போது சரியானால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு எது காரணம் என்று கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் அமைப்புகளில் மாற்றிய ஆல்ட் டேப், திரை, பணியிடம் எதுவும் அதில் பாதிக்காது.